நாக்கில் வைக்காத மரச்சீவல்

மருதைக்கு மனிதர்களின் முகம் நினைவில் தங்காது; மரம் தங்கும். பழைய பூரிக்கட்டை ஒன்றைத் தூக்கிக்கொண்டு தாராநல்லூரில் அவர் பட்டறைக்கு யாராவது போனால், வந்த ஆளை யாரென்று தெரியாமல் விழிப்பார். கட்டையைப் பார்த்ததும் அது எந்த வண்டியில் வந்த மரம், முடிச்சு எந்தப் பக்கம் இருந்தது என்று கடகடவென்று ஒப்பித்துவிடுவார். இதில் அவருக்குக் கர்வமும் உண்டு. யாராவது இரண்டு வார்த்தை புகழ்ந்துவிட்டால் அன்றைக்கு மனைவி அமிர்தம் வைத்த குழம்பில் உப்பு இல்லாவிட்டாலும் கண்டுகொள்ள மாட்டார். அந்தக் கர்வம் மனிதரை என்ன பாடு படுத்திவிட்டது!

அவர் செய்ததெல்லாம் அடுப்படிச் சாமான். மத்து, துடுப்பு, பூரிக்கட்டை, ஊறுகாய் போடுகிற மரக்கிண்ணம். அந்தக் கிண்ணத்தை மரவை என்பார்கள். மரம் பச்சைமலையிலிருந்து வரும். பெரியண்ணன் என்பவர் துறையூர் வழியாக மாட்டுவண்டியில் கொண்டுவந்து இறக்குவார். பெரும்பாலும் வெப்பாலை. வெள்ளை வெளேரென்று இருக்கும், உளிக்கு இணக்கமாக இருக்கும், சோற்றில் வாடை ஏறாது. ஆனால் அதே காட்டில் எட்டி மரமும் இருக்கிறது. பட்டையை உரித்துக் காயவைத்துவிட்டால் சில சமயம் இதற்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. பெரியண்ணனுக்கோ இரண்டும் கட்டை, அவ்வளவுதான். சேர்த்து அடுக்கிக் கட்டிவிடுவார். எட்டியை மண்வெட்டிக் காம்புக்குப் போடலாம், கறையான் அண்டாது. அடுப்படிக்குள் மட்டும் விடக்கூடாது. அது விஷம்.

அதனால் மருதை ஒரு வழக்கம் வைத்திருந்தார். எந்தக் கட்டையானாலும் முதலில் ஒரு சீவல் எடுத்து நாக்கின் நுனியில் வைப்பார். சப்பென்று இருந்தால் வெப்பாலை, அடுப்படிக்கு. கசந்தால் துப்பிவிட்டு, வாயைக் கொப்பளித்துவிட்டு, கட்டையைக் காம்புக் குவியலில் வீசிவிடுவார். கண்ணை ஏமாற்றுகிற மரம் நாக்கை ஏமாற்றாது. இதில் அவர் ஒருநாளும் சோம்பல் பட்டதில்லை.

ஒரே ஒரு நாள் தவிர. அன்றைக்கும் சோம்பலால் இல்லை, பக்தியால்.

ஐம்பத்து மூன்றாம் வருஷத்து வைகுண்ட ஏகாதசி அன்று அது. ஏகாதசி என்றால் மருதைக்குப் பச்சைத்தண்ணீர்கூடப் பல்லில் படாத பட்டினி. பல் துலக்குகிற பொடி நாக்கில் பட்டுவிடுமே என்று வெறும் விரலால் தேய்த்துக்கொள்கிற ஆள். எச்சிலை விழுங்காமல் இருக்க முடியவில்லையே என்று அதற்கும் வருத்தப்படுவார். காலையிலேயே சாமான்களைச் சாக்கில் கட்டிக்கொண்டு, பாலம் தாண்டி, ஸ்ரீரங்கத்தில் மொட்டைக் கோபுரத்தின் பக்கம் கடை விரித்தார். பரமபத வாசல் திறந்து ஜனங்கள் திரும்பி வந்த வேகத்தில், உச்சிவேளைக்குள் கொண்டுபோனதெல்லாம் விற்றுவிட்டது. சாக்கின் அடியில் முதல்நாள் சாயங்காலம் பெரியண்ணன் இறக்கிய கட்டைகளில் இரண்டு கிடந்தன. கேட்கிறவர்களுக்கு அங்கேயே உட்கார்ந்து செதுக்கிக் கொடுத்துவிடலாம் என்று உளியை எடுத்தார்.

கை பழக்கத்தில் சீவலை எடுத்து வாய் வரைக்கும் கொண்டுபோனது. ஏகாதசி என்று நினைவு வந்ததும் கீழே போட்டுவிட்டார். இரண்டும் வெள்ளையாகத்தானே இருக்கின்றன என்று கண்ணை நம்பினார்.

பெருமாளே, ஒரு சீவலால் அவருடைய விரதம் கெட்டிருந்தால் உனக்கு என்ன குறைந்து போயிருக்கும்?

அன்று அந்த இரண்டு கட்டைகளிலிருந்தும் மூன்று சாமான்கள் செய்தார். ஒரு மத்து. அதை வடக்குச் சித்திரை வீதியில் இருந்த பள்ளிக்கூட வாத்தியார் வேதாந்தம் வாங்கிப்போனார். ஒரு துடுப்பு. அதை வாங்கியவர் பாலக்கரையில் டீக்கடை வைத்திருந்த சவரிநாதன். மூன்றாவது ஒரு மரவை.

மரவை கேட்டவள் பொன்னுத்தாய் என்ற இளம்பெண். இடுப்பில் ஆறேழு மாதத்துப் பையன். புருஷன் வீரமலை கோயில் வரிசையில் நின்றான்.

"அண்ணே, பிள்ளைக்குக் கூழு ஊட்ட ஒரு கிண்ணம் வேணும். கீழ விழுந்தா ஒடையக் கூடாது, தகரமாட்டம் சுடவும் கூடாது."

"மரவை குடைஞ்சு தரேன் தாயி. நேரமாகும், உக்காருங்க. எந்த ஊரு?"

"மருங்காபுரிப் பக்கம்ணே. கல்யாணமாகி ரொம்ப நாளு கழிச்சுப் பொறந்த புள்ள. ரெங்கருக்கு வேண்டிக்கிட்டுப் பொறந்தான்."

அவர் குடைந்துகொண்டிருக்கும்போது பையன் தவழ்ந்து வந்து சீவலில் கையை அளைந்தான். ஒரு சுருளை எடுத்து வாயில் போட்டு மென்றுவிட்டு, பல் முளைக்காத ஈறைக் காட்டிச் சிரித்தான். "எச்சி, துப்புடா" என்று பொன்னுத்தாய் விரலை விட்டு எடுத்துப் போட்டாள். மரவை முடிந்ததும் அடியில் ஒரு கிளி வெட்டித் தரச் சொன்னாள், பிள்ளைக்கு வேடிக்கை காட்டுவதற்காக. மருதையும் வெட்டிக் கொடுத்தார். மூக்கு கொஞ்சம் பெரிதாகப் போய்விட்டது.

மறுநாள் துவாதசி, விரதம் முடித்துச் சாப்பிடுகிற பாரணை நாள். அமிர்தம் அகத்திக்கீரையும் நெல்லிக்காய்ப் பச்சடியும் வைத்துச் சோறு போட்டாள். சாப்பிட்டு எழுந்து சாக்கை உதறினார் மருதை. இரண்டு துண்டுக் கட்டைகள் விழுந்தன. இன்றைக்கு விரதம் இல்லையே, வழக்கப்படி ஒன்றில் சீவல் எடுத்து நாக்கில் வைத்தார். சப்பென்று இருந்தது. மற்றதில் எடுத்து வைத்தார்.

கசப்பு தொண்டையைத் தாண்டி நெஞ்சுக்குள் இறங்கியது. சாப்பிட்டதெல்லாம் கிணற்றடியில் வெளியே வந்துவிட்டது.

சட்டைகூடப் போடாமல் பஸ் ஏறினார். வேதாந்தத்தின் வீட்டு வாசலில் அவர் மனைவி பூமா நின்றிருந்தாள்.

"நீயே வந்துட்டியா மருதை! நல்ல மத்து குடுத்தே போ. பாரணைக்குக் கடைஞ்ச மோரு விஷமாக் கசக்கறது."

"யாராச்சும் குடிச்சாங்களாம்மா?"

"யாரு குடிப்பா? அவர் ஒரு வாய் வெச்சுட்டுத் துப்பிட்டார். பானையோட கொட்டியாச்சு. ஏன், முகமெல்லாம் இப்படி வேர்த்திருக்கு?"

மத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு காசைத் திண்ணையில் வைத்துவிட்டுப் பாலக்கரைக்கு ஓடினார். சவரிநாதன் பால் கிண்டிக்கொண்டிருந்தார். துடுப்பைப் பிடுங்கி, கழுவி, நாக்கில் வைத்துப் பார்த்தார் மருதை. கசக்கவில்லை. "பாலு பாலாத்தான்யா இருக்கு, உனக்குத்தான் எதுவோ ஆயிருக்கு" என்றார் சவரிநாதன்.

ஆக, மத்து கெட்ட கட்டை, துடுப்பு நல்ல கட்டை. மரவை?

அங்கேயே டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து கண்ணை மூடி யோசித்தார். மரவைக்குப் பருமன் வேண்டும். மத்து செய்த கட்டைதான் பருத்தது. மத்தை அறுத்தெடுத்த பிறகு மீதியை மடியில் சாய்த்துக் குடைந்தது கண்முன் வந்தது. அடியில் இருந்த முடிச்சுகூடத் தெரிந்தது. சந்தேகமே இல்லை, மரவை எட்டிதான். மரத்தில் அவர் ஞாபகம் தப்பினதாக ஊரில் ஒருத்தரும் சொன்னதில்லை.

பெரியகடை வீதியில் ஒரு வைத்தியரைப் போய்க் கேட்டார். "எட்டிக்கொட்டை விஷம், பட்டை விஷம். தின்னா கைகால் வெட்டி இழுக்கும், முதுகு வில்லா வளையும். மரத்துல கிண்ணம் செஞ்சு யாரு சாப்பிட்டாங்க? ஆகும்னும் சொல்ல மாட்டேன், ஆகாதுன்னும் சொல்ல மாட்டேன்" என்றார் வைத்தியர். "பெரிய ஆளு தாங்குவான். பச்சைப்பிள்ளைன்னா யோசனைதான்."

மருதை மருங்காபுரிக்குப் போனார். வறண்ட செம்மண் காடு. கூப்பிடு தூரத்துக்கு ஒரு பட்டி. வீரமலை என்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்க்கிற சீமை அது. மலைச்சாமியின் பெயரை வீட்டுக்கு வீடு வைத்திருக்கிறார்கள். பொன்னுத்தாய்க்கும் பஞ்சமில்லை. முகத்தைச் சொல்லுங்கள் என்றார்கள். அவருக்கு எந்த முகம்தான் நினைவிருந்தது? கிளி வெட்டின மரவை, கிளி வெட்டின மரவை என்று பட்டி பட்டியாகக் கேட்டுக்கொண்டு திரிந்தார். பிள்ளை பிடிக்கிறவன் என்று ஓர் ஊரில் அடிக்கக்கூட வந்தார்கள். கால் வீங்கித் திரும்பினார்.

அன்றோடு மனிதருடைய வாழ்க்கை நின்றுவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். வேலை செய்தார், சாப்பிட்டார், தூங்கினார். ஆனால் யார் வீட்டுக் குழந்தையாவது வீறிட்டு அழுதால் உளி கையிலேயே நின்றுவிடும். மிஞ்சிய எட்டித் துண்டைப் பட்டறைப் பலகையில் வைத்திருந்தார். அவ்வப்போது எடுத்துச் சீவி நாக்கில் வைத்துப் பார்ப்பார். கசப்பு போய்விடாதா, கழுவக் கழுவ மரவையிலும் போயிருக்காதா என்று ஒரு நப்பாசை. அது போகவில்லை. வருஷங்கள் போயும் முதல்நாள் கசந்ததுபோலவே கசந்தது.

அந்த மரவை கைக்கு வரும்வரை ஏகாதசி தவறாமல் சொட்டுத் தண்ணீர் இல்லாத பட்டினி என்று பெருமாளிடம் நேர்ந்துகொண்டார். அமிர்தத்துக்கு இதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும்.

"அந்தப் பட்டினியாலதானே இந்த வினை வந்துச்சு? நாக்கப் பூட்டிக்கன்னு சாமியா வந்து சொன்னாரு?"

"நீ சும்மா இரு அமிர்தம். நான் செஞ்சதுக்கு இதாவது செய்யறேன்."

ஒவ்வொரு வைகுண்ட ஏகாதசிக்கும் அதே இடத்தில் போய் உட்கார்ந்தார். முகம் தெரியாததால் போகிற வருகிற பெண்களின் மூட்டையையும் கையையும் பார்ப்பார். சிலர் திட்டினார்கள். ஒரு போலீஸ்காரர் லத்தியால் தட்டி எழுப்பித் தள்ளி உட்காரச் சொன்னார். ஐந்து மார்கழி இப்படிப் போனது.

ஆறாவது மார்கழியில் அவளாகவே வந்தாள்.

"அண்ணே, என்னைத் தெரியுதா? இங்கதான் உக்காந்து இருந்தீங்க. நல்லவேளை, இருக்கீங்களோ இல்லியோன்னு நெனச்சுக்கிட்டே வந்தேன்."

மருதைக்குத் தெரியவில்லை. இடுப்பில் பெண்குழந்தையோடு ஒருத்தி சிரித்துக்கொண்டு நின்றாள். மடியிலிருந்து மஞ்சள் துணி சுற்றிய ஒன்றை எடுத்துப் பிரித்தாள். மூக்குப் பெருத்த கிளி.

மருதை இரண்டு கையையும் நீட்டினார். வாங்கிக்கொண்டார். அதற்குள் ஒரு சின்ன அரைஞாண் கயிறு சுருண்டு கிடந்தது.

"ஓரம் கொஞ்சம் சில்லு பேந்துருச்சு. பிள்ள வாயக் கிழிச்சுரும், தேச்சுக் குடுங்கண்ணே. இவளுக்கு இன்னிக்குத்தான் மொதச் சோறு. சாமியப் பாத்துட்டு இதுலயே ஊட்டலாம்னு கொண்டாந்தேன்."

"அந்தப் பையன்?" என்று கேட்டார். கேட்கும்போதே அவருக்குத் தெரிந்துவிட்டது.

பொன்னுத்தாய் சிரிப்பை நிறுத்தினாள். "இல்லண்ணே. அந்தச் சித்திரையிலயே போயிட்டான். ஒரே நாளு காய்ச்சல். கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்துச்சு. மணப்பாறைக்கு வண்டி கட்டுறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு." கயிற்றை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். "அவன் வாய் வெச்ச கிண்ணமாச்சே, தூக்கிப் போட மனசு வரல. பொட்டிக்குள்ளேயே வெச்சிருந்தேன்."

"வேற புதுசு தரேன் தாயி. காசு வேணாம். இத எங்கிட்டக் குடுத்துரு."

"ஐய, வேணாண்ணே. இதுதான் வேணும். இதத் தேச்சுக் குடுங்க போதும்."

அவர் என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். மரம் பழசாகிவிட்டது என்றார், பூச்சி வைத்துவிட்டது என்றார். அவள் கேட்கவில்லை, கோபம்கூட வந்தது. "எம்புள்ளையோடது" என்று கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு, தூக்குச்சட்டியில் இருந்த பருப்புச் சோற்றை அதில் வைத்துப் பிசைய ஆரம்பித்துவிட்டாள். குழந்தை வாயைத் திறந்தது.

மருதை பாய்ந்து தட்டிவிட்டார். சோறு மண்ணில் சிதறியது. இதற்குமேல் மறைக்க வழியில்லை என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்: ஏகாதசி, நாக்கில் வைக்காத சீவல், எட்டிக் கட்டை, வைத்தியர், மருங்காபுரி, எல்லாம். காலில் விழுகிறவர்போலக் குனிந்துகொண்டு சொன்னார். இப்படிச் சொல்லுகிற நாளுக்காகத்தான் ஆறு வருஷம் காத்திருந்தார். சொன்னதும் அவள் அடிப்பாள், மண்ணை வாரித் தூற்றுவாள், அதோடு தன் பாரம் இறங்கும் என்று நினைத்திருந்தார்.

அவள் அடிக்கவில்லை. மரவையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அவன் துப்புவாண்ணே," என்றாள். "இதுல கூழு வெச்சு ஊட்டினா துப்பித் துப்பி விடுவான். திமிருன்னு நெனச்சேன். மூக்கப் புடிச்சு ஊட்டுவேன்."

சிதறிக் கிடந்த சோற்றை மருதை மண்ணோடு கூட்டி அள்ளினார்.

"மூக்கப் புடிச்சு நாந்தான ஊட்டினேன்?"

கேட்டுவிட்டு எழுந்தாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். மரவையைக் கீழேயே விட்டுவிட்டுக் கூட்டத்துக்குள் போனாள். ஊர் எது என்று கேட்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. மரவையை எடுத்தார். பழக்கத்தில் கை வாய் வரைக்கும் போனது. ஏகாதசி, நேர்த்திக்கடன். இறக்கிவிட்டார். நாக்கில் வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா என்ன?

மறுநாள் பாரணை முடிந்தது. எரித்துவிடலாம் என்று மரவையை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனவர், எரிப்பதற்கு முன்னால் உட்புறத்தில் உளியால் ஒரு சீவல் எடுத்து நாக்கில் வைத்தார்.

சப்பென்று இருந்தது.

மேல்பூச்சு கழுவிப் போயிருக்கும் என்று ஆழமாகக் குடைந்து எடுத்தார். அதுவும் சப்பென்றுதான் இருந்தது. அடியில், கிளியின் வயிற்றில் எடுத்தார். ஓரத்தில் எடுத்தார். பலகையில் இருந்த எட்டித் துண்டைச் சீவி வைத்தார், நாக்கு சுருண்டது. மறுபடி மரவையில் எடுத்தார். வெப்பாலை. சுத்தமான வெப்பாலை.

அப்போதுதான் அந்தப் பையன் நினைவுக்கு வந்தான். சீவலை மென்றுவிட்டுச் சிரித்தானே. எட்டி என்றால் அந்தக் குழந்தை ஊரைக் கூட்டியிருக்காதா? எதிரிலேயே ஒரு நாக்கு ருசி பார்த்துச் சொல்லியிருக்கிறது. மரத்தின் முடிச்செல்லாம் ஞாபகம் வைத்திருந்த மனிதர் அந்த ஒரு முகத்தை ஞாபகம் வைக்கவில்லை. முடிச்சு என்று அவர் கண்ணில் தெரிந்ததும் பயம் வரைந்த முடிச்சுதான்.

ஸ்ரீரங்கத்துக்கு ஓடினார். கோபுரத்தடி, அம்மா மண்டபம், பஸ் நிற்கிற இடம் எல்லாம் தேடினார். மறுபடி மருங்காபுரிக்குப் போனார். அதே பட்டிகள், அதே வீரமலைகள். முகத்தைச் சொல்லுங்கள் என்றார்கள். நேற்றைக்கு முந்தினநாள் பார்த்த முகத்தையும் அவரால் சொல்ல முடியவில்லை. கண்ணீர் வந்ததே தவிர, முகம் வரவில்லை.

திரும்பி வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவரிடம் அமிர்தம் சோற்றைக் கொண்டுவந்து வைத்தாள்.

"எந்தப் புள்ளதான் கூழத் துப்பாம தின்னுச்சு? அது காய்ச்சல்ல போன உசுரு. உங்க மரத்தால ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல. இனிமேயாச்சும் நிம்மதியா ரெண்டு வாயி சாப்பிடுங்க."

"எனக்குத் தெரிஞ்சுபோச்சு அமிர்தம்," என்றார். "அவகிட்ட யாரு போய்ச் சொல்றது?"

சோறு ஆறிப்போனது.

அடுத்த வைகுண்ட ஏகாதசிக்கு மருதை விரதம் இருக்கவில்லை. அதற்கப்புறம் எந்த ஏகாதசிக்கும் இருக்கவில்லை. ஆனால் மொட்டைக் கோபுரத்துப் பக்கம் அதே இடத்தில், சாக்கின் நடுவில் அந்த மரவையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உள்ளெல்லாம் உளிபட்டுக் குதறிக் கிடந்தது. கிளி மட்டும் முக்கால்வாசி தெரிந்தது. யாராவது எடுத்துப் பார்த்து விலை கேட்டால், "அது விக்கிறதுக்கில்லைங்க, ஒருத்தவங்களோடது, வந்து வாங்கிப்பாங்க" என்பார்.

அறுபத்தாறாம் வருஷம் கண்ணை மூடும்வரை அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் வரவில்லை.